500 கிலோ சாட்டிலைட்டுக்கு 120 டன் ராக்கெட் எதுக்கு? காது கேளாத ஒரு பள்ளி ஆசிரியர் போட்ட கணக்கு

இஸ்ரோவின் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் 34 மீட்டர் உயரம். ஏவுதளத்தில் நிற்கும்போது அதன் எடை சுமார் 120 டன். 500 கி.மீ. உயரத்துக்கு அது கொண்டுபோகும் சாட்டிலைட்டின் எடை? அதிகபட்சம் 500 கிலோ. அதாவது, ஒரு கிலோ சரக்கை டெலிவரி பண்ண 240 கிலோ வண்டி கிளம்புகிறது. இது நம்ம ஊர் இன்ஜினீயர்களின் திறமைக் குறைவா? நிச்சயமா இல்லை. உலகத்தில் யார் ராக்கெட் கட்டினாலும் இந்தக் கொடுமையான விகிதத்திலிருந்து முழுசா தப்பிக்க முடியாது.

ஏன் முடியாது என்பதை 125 ஆண்டுகளுக்கு முன்பே காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டியவர் கான்ஸ்டான்டின் சியோல்கோவ்ஸ்கி. கல்லூரிக்குப் போகாதவர். காது சரியாகக் கேட்காதவர். ரஷ்யாவின் ஒரு சின்ன ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். வாழ்நாளில் ஒரு ராக்கெட்டைக்கூட விண்வெளிக்கு அனுப்பாதவர். ஆனாலும் ஒரு ஸ்டார்ட்-அப் இன்றைக்கு 'எங்க ராக்கெட் இத்தனை கிலோ தூக்கும்' என்று சொன்னால், அது நடக்குமா என்று பார்க்க முதலில் எடுக்கும் ஃபார்முலா இவருடையதுதான். அவரது வாழ்க்கையையும் அந்தக் கணக்கையும் சேர்த்தே பார்ப்போம்.

யார் இந்த சியோல்கோவ்ஸ்கி?

1857 செப்டம்பர் 17 அன்று, ரஷ்யாவின் ரியாசான் மாகாணத்தில் இஷெவ்ஸ்கோயே என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா போலந்து வம்சாவளி, வனத்துறை ஊழியர். பெரிய குடும்பம், சின்ன சம்பளம்.

பத்து வயதை ஒட்டி அவருக்கு ஸ்கார்லெட் காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் கேட்கும் திறன் பெரும்பாலும் போய்விட்டது. வகுப்பில் ஆசிரியர் பேசுவது காதில் விழாத பையன் பள்ளியில் எப்படித் தாக்குப்பிடிப்பான்? படிப்பு பாதியில் நின்றது. 13 வயதில் அம்மாவும் இறந்துபோனார். அதன் பிறகு அவருக்கு ஆசிரியர் என்று இருந்தவை அப்பாவின் அலமாரிப் புத்தகங்கள் மட்டும்தான். படித்ததை எல்லாம் கையால் செய்து பார்ப்பது பழக்கமானது. தூரம் அளக்கும் கருவி, தானாக ஓடும் பொம்மை வண்டி என்று வீட்டிலேயே ஏதாவது கட்டிக்கொண்டே இருந்தார்.

மாஸ்கோ நூலகமே கல்லூரி

பையனிடம் ஏதோ இருக்கிறது என்று அப்பாவுக்குப் புரிந்தது. 1873-ல், 16 வயதில், மாஸ்கோவுக்கு அனுப்பி வைத்தார். அங்கே எந்தக் கல்லூரியிலும் சேரவில்லை. தினமும் பொது நூலகத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். நிகோலாய் ஃபியோதோரோவ் என்ற தத்துவ அறிஞர் அங்கே நூலகராக வேலை பார்த்தார். மனிதகுலம் ஒருநாள் பூமியைத் தாண்டிப் போகும் என்று நம்பியவர் அவர்.

மூன்று ஆண்டுகளில் கணிதம், இயற்பியல், வேதியியல், வானியல் என்று சியோல்கோவ்ஸ்கி தானாகவே படித்து முடித்தார். வீட்டிலிருந்து வரும் கொஞ்சப் பணம் புத்தகத்துக்கும் சோதனைக்கான ரசாயனங்களுக்கும் போய்விடும். சாப்பாடு பெரும்பாலும் கறுப்பு ரொட்டி. மகன் எலும்பும் தோலுமாக இருப்பது தெரிந்து அப்பா 1876-ல் வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டார்.

பிறகு ஆசிரியர் தேர்வை வெளியிலிருந்தே எழுதித் தேறினார். 1880-ல் போரோவ்ஸ்க் என்ற சிற்றூரில் கணக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. அங்கேயே வர்வாரா சோகோலோவாவைத் திருமணம் செய்துகொண்டார். 1892-ல் கலுகா நகருக்கு மாற்றல். மீதி வாழ்க்கை முழுக்க அங்கேதான்.

தனியாகப் படிப்பதில் இருக்கும் ஆபத்து

போரோவ்ஸ்கில் இருந்தபோது வாயுக்களின் இயக்கம் பற்றி ஒரு ஆய்வு எழுதி, தலைநகரில் இருந்த அறிவியல் கழகத்துக்கு அனுப்பினார். கணக்கு சரியாகவே இருந்தது. ஒரே பிரச்னை, அதை ஐரோப்பிய விஞ்ஞானிகள் ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். ஊர் மூலையில் இருந்தவருக்கு அந்தச் செய்தியே வந்து சேரவில்லை. யோசிச்சுப் பாருங்க, எத்தனை மாத உழைப்பு! ஆனால் கழகத்தினர் அவரை ஏளனம் செய்யவில்லை. ஆள் திறமைசாலி என்று புரிந்துகொண்டு ஊக்கப்படுத்தினார்கள்.

1887-ல் வீடு தீப்பிடித்ததில் அவரது கையெழுத்துப் பிரதிகள் கருகின. கலுகாவில் ஓகா நதி 1908-ல் கரை புரண்டபோது, மறுபடியும் ஏராளமான காகிதங்கள் போயின. நடுவில், 1902-ல், மகன் இக்னாத்தி தற்கொலை செய்துகொண்டார். இவ்வளவுக்கும் இடையில்தான் பகலில் பள்ளி, மாலையிலும் விடுமுறையிலும் ஆய்வு என்று அவரது நாட்கள் ஓடின. காதில் வைத்துக் கேட்பதற்குத் தகரத்தில் புனல்களைத் தானே செய்து வைத்திருந்தார்.

ரஷ்யாவின் முதல் காற்றுச் சுரங்கங்களில் ஒன்றையும் அவரே கட்டினார். அதைப் பார்த்து அறிவியல் அகாடமி கொடுத்த உதவித்தொகை 470 ரூபிள். வாழ்க்கையின் அந்தக் கட்டம் வரை அவரது ஆய்வுக்கு வெளியிலிருந்து கிடைத்த ஆதரவு கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

1897: அந்த ஒரு வரி

1897 மே மாதத் தேதியிட்ட ஒரு தாளில் அந்தச் சமன்பாடு இருக்கிறது. சொல்லும் விஷயம் எளிமையானது. ஒரு ராக்கெட் எவ்வளவு வேகம் எடுக்கும் என்பது இரண்டே விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று, வாயுவை எவ்வளவு வேகமாகப் பின்னால் பீய்ச்சியடிக்கிறது. இன்னொன்று, கிளம்பும்போது இருந்த எடையை, எரிபொருள் தீர்ந்த பிறகு இருக்கும் எடையால் வகுத்தால் என்ன வருகிறது. முதல் எண்ணை, இரண்டாவது எண்ணின் 'லாக்' மதிப்பால் பெருக்கினால் வேகம் கிடைத்துவிடும்.

பிளஸ் ஒன்ல படிச்ச அதே லாக்தான். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

காரணம் இதுதான். ராக்கெட்டுக்கு வழியில் பெட்ரோல் பங்க் கிடையாது. கடைசி நிமிடம் எரிக்க வேண்டிய எரிபொருளையும் முதல் நிமிடத்திலிருந்தே தூக்கிக்கொண்டு போகணும். அதைத் தூக்க இன்னும் எரிபொருள், அந்த எரிபொருளைத் தூக்க மேலும் எரிபொருள். வேகம் கூட்டலில் ஏறினால், எடை பெருக்கலில் ஏறும்.

ஒரு நியாயத்துக்காக இதையும் சொல்லிவிடணும். இதே உறவை வில்லியம் மூர் என்ற பிரிட்டிஷ் கணித அறிஞர் 1810-களிலேயே எழுதியிருக்கிறார். ஆனால் அவர் பார்த்தது போர்க்கள ராக்கெட்டுகளை. விண்வெளிக்குப் போக முடியுமா, அதற்கு எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று இந்தக் கணக்கை வைத்துக் கேட்டவர் சியோல்கோவ்ஸ்கிதான்.

சரி, நாமே ஒரு ராக்கெட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

120 டன் எடையுள்ள, திட எரிபொருள் ராக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 500 கி.மீ. உயரத்தில் சாட்டிலைட் சுற்றிக்கொண்டே இருக்க நொடிக்கு 7.6 கி.மீ. வேகம் தேவை. மேலே ஏறும்போது புவியீர்ப்பும் காற்றும் இழுத்துப் பிடிப்பதால் இன்னும் கொஞ்சம் வீணாகும். மொத்தம் நொடிக்கு சுமார் 9.4 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நல்ல திட எரிபொருள் மோட்டாரிலிருந்து வாயு வெளியேறும் வேகம் நொடிக்கு சுமார் 2.7 கி.மீ.

இந்த வாயு வேகத்தில், ஒவ்வொரு 1.87 கி.மீ. கூடுதல் வேகத்துக்கும் ராக்கெட்டின் கிளம்பும் எடை இரட்டிப்பாகும். 9.4 கி.மீ. என்றால் ஐந்து முறை இரட்டிப்பு. சதுரங்கக் கட்டத்தில் நெல்மணி வைத்த கதை மாதிரி 2, 4, 8, 16, 32. அதாவது 120 டன்னில் 32-ல் ஒரு பங்குதான் மேலே போய்ச் சேரும், சுமார் 3.7 டன்.

பரவாயில்லையே என்று தோணுதா? அவசரப்படாதீங்க. அந்த 3.7 டன்னுக்குள் சாட்டிலைட் மட்டுமல்ல, காலியான ராக்கெட் கூடும் அடங்கணும். கூட்டின் எடை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தாலே 12 டன் ஆகிவிடுகிறது. ஆக, பேலோடு பூஜ்யத்துக்கும் கீழே. இந்த ராக்கெட் சாட்டிலைட்டே இல்லாமல் கிளம்பினாலும் வட்டப்பாதையைத் தொடாது.

தீர்வு: ராக்கெட் ரயில்

இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியே வர சியோல்கோவ்ஸ்கி இரண்டு வழி சொன்னார்.

முதல் வழி, வாயு வேகத்தை ஏற்றுவது. 1903-ல் வெளியான கட்டுரையிலேயே திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்ஸிஜனும் பயன்படுத்தலாம் என்று எழுதிவிட்டார். ஜி.எஸ்.எல்.வி., எல்.வி.எம்.3 ராக்கெட்டுகளின் கிரையோஜெனிக் ஸ்டேஜில் இன்று எரிவது அதே ஜோடிதான்.

இரண்டாவது வழி, காலியான கூட்டைத் தூக்கிக்கொண்டே போகாமல் வழியில் கழற்றிப்போடுவது. பல ராக்கெட்டுகளை ரயில் பெட்டிகள் மாதிரி இணைத்து, எரிபொருள் தீர்ந்த பெட்டியை விட்டுவிடும் இந்த யோசனையை 1929-ல் விரிவான கணக்கோடு வெளியிட்டார். நாம் இன்று 'ஸ்டேஜ்' என்று சொல்வது இதைத்தான்.

அதே 120 டன் ராக்கெட்டை மூன்று ஸ்டேஜாகப் பிரித்துப் பார்ப்போம். ஒவ்வொன்றும் 9.4-ல் மூன்றில் ஒரு பங்கு வேகம் கொடுத்தால் போதும். ஒரு ஸ்டேஜ் கிளம்பும்போது 100 கிலோ இருந்ததாக வைத்தால், எரிபொருள் தீரும்போது சுமார் 31 கிலோ மிச்சம். அதில் காலிக் கூடு 8 கிலோ போல இருக்கும். அதைக் கழற்றிவிட்டால் 23.7 கிலோ அடுத்த ஸ்டேஜுக்குப் போகும். இதே விகிதம் மூன்று தடவை நடந்தால் கடைசியில் மிஞ்சுவது 1.33 சதவீதம். 120 டன்னுக்கு சுமார் 1,600 கிலோ. பூஜ்யத்துக்குக் கீழே இருந்த பேலோடு, கூட்டைப் பிரித்த ஒரே காரணத்தால் ஒன்றரை டன்னைத் தாண்டிவிட்டது!

அப்படியானால் எஸ்.எஸ்.எல்.வி. ஏன் 500 கிலோதான் தூக்குகிறது?

நாம் போட்டது கடைக்காரர் வாயால் சொல்லும் விலை. பில் வரும்போது ஒவ்வொன்றாகக் கழியும்.

கூடு 10 சதவீதம் என்று தாராளமாக நினைத்துக்கொண்டோம். அது 15 சதவீதமானால் என்ன ஆகும்? அதே கணக்கில் 1,600 கிலோ சுமார் 850 கிலோவாகச் சுருங்கிவிடும். கூட்டின் கனத்தில் ஐந்து சதவீதப் புள்ளி ஏறினால் பேலோடு கிட்டத்தட்ட பாதி காலி.

இன்னும் முடியவில்லை. நிஜத்தில் மூன்று ஸ்டேஜும் சமமாக வேகம் கொடுப்பதில்லை. சாட்டிலைட்டை மூடியிருக்கும் கவசம், வழிகாட்டும் எலெக்ட்ரானிக்ஸ், சாட்டிலைட்டைப் பிடித்திருக்கும் வளையம், கடைசியில் வட்டப்பாதையைத் திருத்தும் சிறிய திரவ எரிபொருள் பகுதி எல்லாமே எடைதான். எதிர்பாராத குறைக்காகக் கொஞ்சம் எரிபொருள் ரிசர்வில் இருக்கணும். இவை பெரும்பாலும் மேல் ஸ்டேஜில் உட்கார்ந்திருப்பதுதான் வம்பு. முதல் ஸ்டேஜ் பாதி வழியில் விழுந்துவிடுவதால், அங்கே ஒரு கிலோ கூடினால் பேலோடில் அதன் ஒரு சிறு பங்குதான் குறையும். கடைசி ஸ்டேஜில் ஒரு கிலோ கூடினால் சாட்டிலைட்டில் முழுசாக ஒரு கிலோ குறையும்.

ரிசர்வ் எதுக்கு என்பதற்கு உதாரணம் நம்மிடமே இருக்கிறது. 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணத்தில், 356 கி.மீ. வட்டப்பாதையில் சேர வேண்டிய சாட்டிலைட்டுகள், ஒரு பக்கம் 76 கி.மீ. வரை தாழ்ந்த நீள்வட்டத்தில் விழுந்து வீணாயின. சென்சார் குழப்பத்தால் கடைசிக் கட்ட உந்துதல் கிடைக்கவில்லை. வேகத்தில் இருந்த குறை சுமார் ஒரு சதவீதம்தான். 2023 பிப்ரவரியில் நடந்த அடுத்த பயணம் வெற்றி.

மற்ற ராக்கெட்டுகளையும் இதே தராசில் வைத்துப் பார்க்கலாம். அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்து, 1980-ல் ரோகிணியை ஏவிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் 17 டன். அது தூக்கக்கூடியது சுமார் 40 கிலோ. ஒரு கிலோவுக்கு 425 கிலோ ராக்கெட். இன்றைய எஸ்.எஸ்.எல்.வி.யில் அது 240. ராக்கெட் லேப் நிறுவனத்தின் எலெக்ட்ரான் சுமார் 13 டன், தாழ்வான வட்டப்பாதைக்கு 300 கிலோ வரை தூக்குகிறது. அது எப்படி? திரவ எரிபொருளால் வாயு வேகம் அதிகம், கார்பன் இழைக் கூடு என்பதால் எடை குறைவு. சியோல்கோவ்ஸ்கி எழுதிய வரியில் இருக்கும் இரண்டு எண்களையும் அவர்கள் சாதகமாகத் திருப்பியிருக்கிறார்கள். ஆனால் அந்த வழிக்குச் செலவும் சிக்கலும் கூடுதல். திட எரிபொருள் ராக்கெட்டைச் சில நாட்களில் தயார் செய்து நிறுத்திவிடலாம் என்பது இஸ்ரோ தேர்ந்தெடுத்த வேறொரு லாபம்.

யாரும் படிக்காத கட்டுரை

சியோல்கோவ்ஸ்கிக்குத் திரும்புவோம். 1903-ல் ஒரு அறிவியல் இதழில் அவரது கட்டுரை வந்தது. அந்த இதழ் சீக்கிரமே நின்றுபோனது. இரண்டாம் பகுதி அச்சாக எட்டு ஆண்டுகள் ஆயின. 1911-12-ல் ஒரு விமானவியல் இதழ் அதை வெளியிட்ட பிறகுதான் ரஷ்யாவிலேயே சிலர் கவனித்தார்கள். வெளிநாட்டில் யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் ராபர்ட் கொடார்டும், ஜெர்மன் மொழியில் எழுதிய ஹெர்மன் ஓபர்த்தும் அதே முடிவுகளுக்குத் தனித்தனியாக வந்து சேர்ந்தார்கள்.

1923-ல் ஓபர்த்தின் புத்தகம் பரபரப்பானது. சுமார் நாற்பது ஆண்டுகளுக்கு முன் வாயு ஆய்வில் நடந்தது இப்போது தலைகீழாக நடந்தது. இந்தத் தடவை முந்தியவர் சியோல்கோவ்ஸ்கி, ஆனால் உலகத்துக்கு அது தெரியவில்லை. 66 வயதை நெருங்கியவர் சும்மா இருக்கவில்லை. 1903 கட்டுரையை 1924-ல் மறுபடி அச்சிட்டு, தேதியோடு அனுப்பி வைத்தார். ஓபர்த்தும் அவருடன் கடிதத் தொடர்பு வைத்துக்கொண்டு, அவரது முன்னோடித்தனத்தை ஏற்றுக்கொண்டார்.

கொண்டாடிய அரசு, கைது செய்த அரசு

1917 புரட்சிக்குப் பிறகு புதிய அரசு அவரைத் தூக்கிப்பிடித்தது என்பதுதான் பலர் அறிந்த கதை. நடந்தது அவ்வளவு நேர்க்கோடாக இல்லை. 1919-ல் அரசின் ரகசிய போலீஸ் அவரைக் கைது செய்து மாஸ்கோ சிறையில் அடைத்தது. பிறகு விடுவித்தது. 1921-ல் அதே அரசு வாழ்நாள் ஓய்வூதியம் கொடுத்தது. 1932-ல் உயரிய விருது வந்தது. ஏழை ஆசிரியரை ஜார் ஆட்சி கைவிட்டது, சோவியத் ஆட்சி கண்டெடுத்தது என்ற பிரசாரத்துக்கு அவரது வாழ்க்கை வசதியாகப் பொருந்தியது.

முழு மனிதரையும் பார்ப்பதாக இருந்தால் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. குறையுள்ள உயிர்களைக் களைந்து, மேம்பட்ட மனித இனத்தை உருவாக்கணும் என்ற யூஜெனிக்ஸ் சார்ந்த கருத்துகளும் அவரது தத்துவ எழுத்தில் இருக்கின்றன. காது கேளாமையால் பள்ளியை இழந்த ஒருவர் இப்படி எழுதினார் என்பது படிக்கவே சங்கடமானது. அவரது கணக்கைக் கொண்டாடுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் புரட்டுவதில்லை.

வயிற்றுப் புற்றுநோயால் அவதிப்பட்ட சியோல்கோவ்ஸ்கி, தன் ஆய்வுகள் அனைத்தையும் சோவியத் கட்சிக்கும் அரசுக்கும் எழுதி வைத்துவிட்டு, 1935 செப்டம்பர் 19 அன்று கலுகாவில் காலமானார். 22 ஆண்டுகள் கழித்து அவரது நூற்றாண்டு விழாவில் பேசியவர்களில் ஒருவர் செர்கெய் கொரோலேவ். அந்த விழா நடந்து 17 நாளில், 1957 அக்டோபர் 4 அன்று, கொரோலேவின் ராக்கெட் 83.6 கிலோ எடையுள்ள ஸ்புட்னிக்கை வட்டப்பாதையில் நிறுத்தியது.

குலசேகரன்பட்டினத்துக்கும் இந்தக் கணக்குக்கும் என்ன சம்பந்தம்?

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டா இருக்கும்போது இது எதுக்கு என்று பலர் கேட்டார்கள். பதில் அந்த லாக் கணக்கில்தான் இருக்கிறது.

பூமியைத் துருவங்கள் வழியாகச் சுற்றும் சாட்டிலைட்டுக்கு ராக்கெட் தெற்கு நோக்கிப் பறக்கணும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் பாதையில் இலங்கை குறுக்கிடும். கழன்று விழும் ஸ்டேஜ் ஊர் மேலே விழக் கூடாது என்பதால் ராக்கெட் முதலில் விலகிப் பறந்து, பிறகு தெற்கே திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்துக்குக் கூடுதல் வேகம் செலவாகும்.

நமது கணக்கில், 15 சதவீதக் கூடு உள்ள ராக்கெட்டுக்கு இப்படி நொடிக்கு அரை கி.மீ. கூடுதலாகத் தேவைப்பட்டால் என்ன ஆகும்? 850 கிலோ சுமார் 590 கிலோவாகிவிடும். தேவைப்படும் வேகம் கூடியது 5 சதவீதம், பேலோடு குறைந்தது 30 சதவீதம். பெரிய ராக்கெட் இதை ஓரளவு தாங்கும். சில நூறு கிலோ தூக்கும் சின்ன ராக்கெட்டுக்கு இது பிழைப்பையே கெடுக்கும். குலசேகரன்பட்டினத்திலிருந்து தெற்கே கடல்தான், திருப்பம் தேவையில்லை.

இனி ஏதாவது ஒரு நிறுவனம் இத்தனை கிலோ தூக்குவோம் என்று அறிவித்தால் நீங்களே சரிபார்க்கலாம். எந்த வட்டப்பாதைக்கு, எங்கிருந்து, வாயு வேகம் எவ்வளவு, காலிக் கூடு எத்தனை சதவீதம், எத்தனை ஸ்டேஜ் என்ற ஐந்து கேள்விக்கும் பதில் இருந்தால் மொபைல் கால்குலேட்டரே போதும். சியோல்கோவ்ஸ்கி அதைப் பேனாவும் லாக் அட்டவணையும் வைத்துப் போட்டார். அவர் வாழ்ந்த மரவீடு கலுகாவில் இன்றும் அருங்காட்சியகமாக இருக்கிறது. அதே ஊரில் இருக்கும் விண்வெளி அருங்காட்சியகத்துக்கு 1961-ல் அடிக்கல் நாட்டியவர், விண்வெளிக்குப் போன முதல் மனிதர் யூரி ககாரின்.